இடுப்பு முறிஞ்சால் எங்களிட்டைக் கேட்கும் கேள்வி

வீட்டில் பெரியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சால், "இந்த வயசில ஒப்பரேஷன் வேண்டாம், படுத்திருக்கட்டும்" என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். படுத்தே கிடக்கிறதுதான் பெரிய ஆபத்து: நிமோனியா, காலில் இரத்தக்கட்டி, படுக்கைப்புண். அதனால்தான் இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டி, ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றோ மறுநாளோ ஒப்பரேஷன் செய்யச் சொல்லுது. அதற்கு அடுத்த நாளே பிசியோ எழுப்பி நிற்க வைக்கப் பார்ப்பார்.

எந்த ஒப்பரேஷன் என்பது முறிஞ்ச இடத்தைப் பொறுத்தது. எலும்பின் கழுத்துக்குக் கீழே என்றால் ஸ்குரூவோ நீளக் கம்பியோ வைத்துப் பொருத்துவார்கள். கழுத்திலேயே முறிந்து விலகியிருந்தால், பாதி மூட்டா முழு மூட்டா மாற்றுவது என்று யோசிப்பார்கள். அங்கேதான் எங்கட பதில் முக்கியம். விழ முதல் அம்மா எப்படி நடந்தவ என்று கேட்பார்கள். "வயசு 80" என்று மட்டும் சொல்லாதேங்கோ. "சட்டனிலிருந்து தனிய பஸ் ஏறி டூட்டிங் போய் மரக்கறி வாங்கிறவ" என்று சொல்லுங்கோ. ஊன்றுதடி, மறதி, குடிக்கிற மருந்து எல்லாத்தையும் மறைக்காமல் சொல்லுங்கோ.

இன்னொன்று. ஒப்பரேஷனுக்குப் பிறகு சிலருக்குத் திடீர்க் குழப்பம் வரும். அம்மா தமிழில் மாறாட்டமாகக் கதைக்கிறது நர்ஸுக்கு விளங்காது, எங்களுக்கு விளங்கும். "இது அம்மாவின் வழமை இல்லை" என்று உடனே சொல்லுங்கோ.