கல்லறையில் பெயர் பெறாதோர்: ஏலப்பாறை மலைப்பகுதியின் தேவாலய, மருத்துவமனை வரலாறு

திருவிதாங்கூர் மலைத்தோட்டப் பகுதிகளின் தேவாலய வரலாறும் மருத்துவமனை வரலாறும் இதுகாறும் நிறுவியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. கட்டியவர், கட்டப்பட்ட ஆண்டு, நிலம் அளித்த மன்னர் என்னும் மூன்றையும் குறித்துவிட்டால் வரலாறு முடிந்ததெனக் கருதும் போக்கு இன்றும் நீடிக்கிறது. ஏலப்பாறையைச் சூழ்ந்த பீர்மேட்டு மலைகளை இப்போக்குக்குச் சான்றாகக் கொள்ளலாம்.

குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்னில் புனித ஜார்ஜ் ஆலயம் 1869இல் மிஷனரி ஹென்றி பேக்கரால் நிறுவப்பட்டது. இம்மலைகளில் தோட்டப்பயிரைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒருவரான ஜே.டி. மன்றோவின் கல்லறை அதன் வளாகத்தில் உள்ளது. அவருடைய குதிரைக்கும் அங்கே கல்லறை உண்டு. கம்பம், கூடலூர், குமுளி வழியாக மலையேறிவந்து காடழித்துத் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளருள் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் ஒன்றுமில்லை. குதிரையின் கல்லறையைச் சுற்றுலாக் குறிப்புகள் வியந்து பேசுகின்றன. அவ்வியப்பை ஆய்வுலகமும் பகிர்ந்துகொள்வதே வருந்தத்தக்கது.

மூணாற்றிலும் நிலைமை வேறன்று. அங்குள்ள கிறிஸ்து ஆலயம் 1910-11இல் எழுந்தது. அதற்கு முன்பே, 1894இல் காலராவால் இறந்த எலினர் இசபெல் மே என்னும் ஆங்கிலப் பெண்மணியின் கல்லறை அக்குன்றில் அமைந்துவிட்டது. அவருடைய சாவு பலமுறை எழுதப்பட்டுள்ளது. காலரா ஆள் பார்த்து வரும் நோயன்று. தொழிலாளர் குடியிருப்புகளில் அந்நோய்க்கு இரையானோரைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

இவ்வரலாற்றை எழுதுவோர் இரு அணியினராக நிற்கின்றனர். ஓரணியினர்க்குத் தேவாலயமும் மருத்துவமனையும் வெள்ளையரின் கருணைக்கொடை. மற்றோரணியினர்க்கு அவை மதமாற்றத்தின் கருவிகள். எதிரெதிராகத் தோன்றினும் இரண்டும் ஒரு பிழையையே செய்கின்றன. இரண்டிலும் தொழிலாளர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் வாயில்லாப் பூச்சிகளாகவே காட்சியளிக்கின்றனர்.

சமயப்பணி மருத்துவமனையும் தோட்ட மருத்துவமனையும் ஒன்றல்ல என்பதையும் இவ்விரு சாராரும் மறக்கின்றனர். 1838இல் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் தொடங்கிய மருத்துவப்பணி நோயாளியை நாடிச் சென்றது. தோட்ட மருத்துவமனை உழைப்பாளியை வேலைக்குத் திருப்பி அனுப்ப எழுந்தது. கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துவந்த ஆள் மலேரியாவில் மடிந்தால் முன்பணமும் மடியும். ஆகவே கொய்னா மருந்து அங்கே உற்பத்திச் செலவுகளுள் ஒன்று. தோட்ட முதலாளிகள் மருத்துவ வசதி அளிப்பதைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் கடமையாக்கியது. கருணையே போதுமானதாக இருந்திருப்பின் சட்டம் எதற்கு?

தமிழ் ஆய்வாளர்க்கும் இதில் பொறுப்புண்டு. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நெய்யூர் அடங்கிய கல்குளம் வட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தில் நின்றன. நெய்யூர் மருத்துவமனை தமிழக வரலாற்றில் இடம்பெற்றது. ஏலப்பாறைத் தோட்டங்களின் மருத்துவமனைகள் எவர் வரலாற்றிலும் இடம்பெறவில்லை. பீர்மேட்டு மண்ணுக்காக வாதாடிய நூல்கள் தமிழில் உள்ளன. அம்மண்ணில் நோயுற்றுப் பிள்ளை பெற்று மாண்ட தமிழரைப் பற்றிய ஆய்வுகளோ மிக அரியன. மண்ணைத் தமிழ்மண் என்று உரிமை கோரியோர் மக்களை மறந்தது முரணன்றோ?

சான்றுகள் இல்லை என்பது ஏற்கத்தக்க விடையன்று. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழில் வர 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னரும் அது தொழிலாளர் துயரம் கூறும் புதினமாகவே பயிலப்படுகிறது. தோட்ட மருத்துவ வரலாற்றுக்கு ஒரு மருத்துவர் விட்டுச்சென்ற சான்றாக அதனை அணுகியோர் சிலரே. தேவாலயங்களின் திருமுழுக்கு, அடக்கப் பதிவேடுகளும் தொழிலாளர் குடும்பங்களின் ஒப்பாரிகளும் நினைவுகளும் இவ்வாறே ஆய்வுக்குரியன. வாய்மொழி நம்பத்தக்கதன்று என்பார் உளர். கல்லறை வாசகமும் பொருள் படைத்தவர் எழுதுவித்த ஒருசார்ச் சொல்லே. ஒன்றைச் சான்றென்றும் மற்றொன்றைக் கதையென்றும் பிரிப்பது ஆய்வுநெறியாகாது.

காலமும் குறுகிவருகிறது. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. தோட்டம் மூடப்பட்டால் அதன் மருத்துவமனையும் கைவிடப்படும். ஏடுகள் கறையானுக்கு இரையாகும். லயங்களில் வாழும் முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைவர். ஆலயச் சுவர்களைப் பாதுகாக்கச் சபைகள் உள்ளன. இம்மக்களின் சொல்லைப் பாதுகாக்க வேண்டிய இடம் தமிழ்த்துறையே. ஏலமும் பாறையும் சேர்ந்து தமிழாகவே ஒலிக்கும் ஓர் ஊரைத் தமிழாய்வு அயலூராக எண்ணுவது இனியேனும் ஒழிதல் வேண்டும்.