ஒரு துண்டின் விலை

போன வாரம் ஹாஸ்டலில் ஒரு வாக்குவாதம். தடையற்ற வர்த்தகத்தால் நாட்டுக்கு மொத்தத்தில் லாபம்தான் என்று வகுப்பில் படித்துவிட்டு வந்திருந்தோம். கரூர்க்கார நண்பன் ஒருவன் கேட்டான்: "மொத்தத்துல லாபம், சரிடா. நஷ்டப்பட்டவனுக்கு யாரு குடுப்பா?" யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும்தான். தேடிப் படித்ததில் கிடைத்ததை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கன்னாபொலிஸ் என்று ஓர் ஊர். கேனன் மில்ஸ் என்ற ஆலையைச் சுற்றியே வளர்ந்த ஊர். தலைமுறை தலைமுறையாகத் துண்டும் படுக்கை விரிப்பும்தான் அங்கே பிழைப்பு. பிற்பாடு பில்லோடெக்ஸ் என்ற பெயரில் இயங்கிய அந்த நிறுவனம், கடன் சுமையும் மலிவான இறக்குமதியும் சேர்ந்து அழுத்த, 2003 ஜூலை 30 அன்று மூடப்பட்டது. அந்த மாநிலத்தில் மட்டும் ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். பலர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர்கள். பதினெட்டு வயதில் மில்லுக்குள் போனவர்களுக்கு வேறென்ன தெரியும்?

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே அமெரிக்காவில் ஒரு திட்டம் இருந்தது. பெயர், வர்த்தகச் சரிக்கட்டல் உதவி. 1962-ல் கென்னடி காலத்தில், இறக்குமதி வரிகளைக் குறைக்க வழிசெய்த அதே சட்டத்தில் வந்தது. ஆலையின் மூன்று தொழிலாளர்கள் சேர்ந்து மனுப் போட்டாலே போதும், தொழிலாளர் துறை விசாரிக்கும். இறக்குமதியால்தான் வேலை போனது என்று உறுதியானால் தொழிற்பயிற்சிச் செலவு, பயிற்சிக் காலத்தில் வாராந்திர உதவித்தொகை, வேறு ஊருக்குக் குடிபோகப் பணம் எல்லாம் கிடைக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 1969 வரை ஒரு தொழிலாளர் மனுகூட ஏற்கப்படவில்லை! அவ்வளவு கடுமையான நிபந்தனைகள். 1974-ல் தளர்த்தினார்கள், 1981-ல் ரீகன் ஆட்சியில் வெட்டினார்கள், 2002-ல் மறுபடி விரித்தார்கள். தொழிற்சங்கங்கள் இதைக் 'கருமாதிக் காப்பீடு' என்று கேலி செய்ததில் ஆச்சரியமில்லை.

சரி, பலன் இருந்ததா? 2012-ல் அரசுக்காகச் செய்யப்பட்ட ஒரு மதிப்பீடு, உதவி பெற்றவர்கள் நான்கு ஆண்டு கழித்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள் என்றது. பெஞ்சமின் ஹைமன் என்ற பொருளாதார நிபுணர் பிறகு செய்த ஆய்வோ, உதவி பெற்றவர்கள் பத்தாண்டில் சுமார் 50,000 டாலர் கூடுதலாகச் சம்பாதித்ததாகக் காட்டியது. ஆனால் அந்த லாபமும் வருடம் போகப்போகத் தேய்ந்தது. அதாவது, பயிற்சி வீண் இல்லை. சர்வரோக நிவாரணியும் இல்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு பகுதி, சம்பளக் காப்பீடு. 2002 சட்டத்தில் வந்தது. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனால், பழைய சம்பளத்துக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை அரசு இரண்டு வருடம் தரும். உச்சவரம்பு 10,000 டாலர். ஐம்பத்தைந்து வயதுக்காரரைக் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்காரச் சொல்வதைவிட இது மரியாதையான வழி என்று நினைக்கிறேன். கிடைத்த வேலையைக் கௌரவம் பார்க்காமல் பிடித்துக்கொள்ளவும் இது உதவும்.

ஒரு நியாயமான கேள்வி எழும். இயந்திரம் வந்ததால் வேலை போனவனுக்கு இல்லாத சலுகை, இறக்குமதியால் போனவனுக்கு மட்டும் ஏன்? என் பதில்: வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அரசாங்கம். ஊருக்கெல்லாம் துண்டு மலிவாகக் கிடைக்க, ஓர் ஊரின் பிழைப்பை விலையாகக் கொடுத்தது அந்தக் கையெழுத்துதான். அந்தக் கடன் தீர்க்கப்பட வேண்டும். இயந்திரத்தால் பாதிக்கப்பட்டவனுக்கும் கொடுங்கள் என்றால் சந்தோஷமாகக் கை தூக்குவேன். அவனுக்கு இல்லை, அதனால் இவனுக்கும் வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியாது.

அமெரிக்கா கடைசியில் செய்தது ஏறக்குறைய அதைத்தான். சட்டத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால், 2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்கு ஒப்புதல் தருவது நின்றது. சண்டை போட்டு ஒழித்தால்கூட ரோஷம் என்று சொல்லலாம். இது சும்மா காலாவதியாக விட்டது.

பிறகு வரிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது கரூரிலும் திருப்பூரிலும் ஆர்டர் கவலை. வரி போட்டதால் கன்னாபொலிஸ் மில் திரும்பி வந்துவிடுமா? அந்த இடத்தில் எப்போதோ ஆராய்ச்சி வளாகம் எழும்பிவிட்டது. அங்கே துண்டு மடித்தவர்களுக்குக் காலத்தில் உதவாமல், இருபது வருடம் கழித்து இங்கே துண்டு மடிப்பவர்களின் வயிற்றில் அடித்தால் கணக்கு நேராகிவிடாது.

நண்பனின் கேள்விக்கு என் பதில் இதுதான்: லாபம் அடைந்தவன்தான் கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லாத நாடு, மொத்தத்தில் லாபம் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?