ஒரு கட்சி அரசும் தோட்டத் தொழிலாளியும்

முதலாளித்துவ நாடுகளில் வர்க்கங்கள் பல. ஆதலால் கட்சிகளும் பல. வர்க்க பேதம் ஒழிந்த நாட்டில் உழைக்கும் வர்க்கம் ஒன்றே. ஆதலால் கட்சியும் ஒன்றே. சோவியத் ஒன்றியத்தின் அரசியலமைப்பை நியாயப்படுத்த முற்பட்டோர் திரும்பத் திரும்பக் கையாண்ட வாதம் இது. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவுவிலைத் தமிழ் நூல்கள் வாயிலாகவும் பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு வாயிலாகவும் இலங்கைத் தமிழரிடையே அது பரவியது. 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது, வாதம் மறையவில்லை. மலையகத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது புதுவலுவுடன் தலைகாட்டுகிறது. வாக்குரிமையைப் பறித்ததைத் தவிரப் பல கட்சி ஆட்சி தோட்டத் தொழிலாளிக்குச் செய்தது என்ன என்று கேட்கப்படுகிறது.

கேள்வியில் நியாயம் உண்டு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் வேறு தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த பிறரும் தெரிவாயினர்; இடதுசாரி வேட்பாளர் சிலரின் வெற்றிக்கும் அவ்வாக்குகள் துணைநின்றன. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. இவை இரண்டும் முறைப்படி தெரிவான பாராளுமன்றத்தில், முறைப்படி எண்ணப்பட்ட பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியவை. எண்ணிக்கையின் பலத்தால் ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றவராக்கலாம் என்பதை மலையகம் போல் அனுபவித்தறிந்த சமூகங்கள் சிலவே.

ஆயின், அதே பாராளுமன்றத்தில் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பீற்றர் கெனமனும் அச்சட்டத்தை எதிர்த்தனர் என்பதும் வரலாறு. அவர்தம் உரைகள் ஹன்சாட்டில் உள்ளன. பின்னர் குடியுரிமைக்காகப் போராடிய ஒவ்வொருவருக்கும் அவை ஆதாரமாயின. 1988இலும் 2003இலும் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் வருமளவும் அப்போராட்டம் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. இனி மறுபுறம் நோக்குக. 1944இல் கிரைமியத் தாத்தாரியரும் செச்சேனியரும் துரோகிகள் எனப்பட்டு, குழந்தை, முதியோர் என்ற வேறுபாடின்றி, புகைவண்டிகளில் அடைக்கப்பட்டு மத்திய ஆசியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எதிர்த்துப் பேச ஓர் உறுப்பினருக்கும் அங்கு வாயில்லை. எதிர்ப்பைப் பதிவு செய்ய ஓர் ஏடும் இல்லை. இழைக்கப்பட்ட அநீதி இரு இடங்களிலும் உண்டு. அதை அநீதி என்று அரங்கில் சொல்லும் உரிமை ஓரிடத்தில் மட்டுமே எஞ்சியது.

வர்க்கமும் கட்சியும் ஒன்று என்ற கூற்றை இனிச் சிறிது ஆராயலாம். அதனை ஐயுற்றவர்களுள் லெனினே ஒருவர். தொழிலாளர் அரசில் தொழிற்சங்கம் எதற்கு, அரசின் ஓர் உறுப்பாக அதனை ஆக்கிவிடலாமே என்று ரொட்ஸ்கி வாதிட்ட வேளையில், அரசு அதிகாரவர்க்கத்தின் கறை படிந்தது, ஆகவே அந்த அரசிடமிருந்தே தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் சங்கம் வேண்டும் என்று 1920ஆம் ஆண்டின் இறுதியில் லெனின் மறுத்தார். சிந்தனை சரியானது. ஆனால் சில மாதங்களுள், 1921 மார்ச்சில், பத்தாவது கட்சி மாநாடு கட்சிக்குள் உட்குழுக்களைத் தடை செய்தது. சோவியத்துகளுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்ட குரோன்ஸ்ராற் கடற்படையினர் அதே மாதம் நசுக்கப்பட்டனர். வெளியே எதிர்க்கட்சி இல்லை, உள்ளே மாற்றுக்குழு இல்லை. சங்கம் மட்டும் எவ்வாறு தனித்து நிற்கும்?

வர்க்கத்தின் பெயரால் பேசும் கட்சி அவ்வர்க்கத்தையே மறக்கக்கூடும் என்பதற்கு வேற்று நாட்டுச் சான்று தேடிச் செல்ல வேண்டுவதில்லை. 1948இல் எதிர்த்து முழங்கிய சமசமாஜிகள் 1964இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அமைச்சரவையில் அமர்ந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என மனிதர் பங்கிடப்பட்டபோது நிதியமைச்சராக இருந்தவர் என். எம். பெரேரா. பங்கிடப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

மக்கள் விடுதலை முன்னணியின் கதை இதனினும் கடுமையானது. றோகண விஜேவீரவின் இயக்கம் 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு முன் தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதன்படி தேயிலைத் தோட்டத் தொழிலாளி புரட்சியின் நண்பனல்லன், விஸ்தரிப்புவாதத்தின் கருவி. நாட்டின் மிகப்பெரிய, மிகவும் சுரண்டப்பட்ட பாட்டாளிப் பகுதி ஒரு வகுப்புக் குறிப்பினால் வர்க்கத்திற்கு வெளியே தள்ளப்பட்டது. அக்கிளர்ச்சி வென்று அக்கட்சியே நாட்டின் ஒரே கட்சியாகியிருப்பின், ஹற்றன் மலையில் கொழுந்து பறிக்கும் பெண் தன் வழக்கை எங்கே சொல்லியிருப்பாள்? ஒரு கட்சி அரசை வேண்டுவோர் அந்த ஒரு கட்சி எப்போதும் தம் கட்சியாகவே இருக்கும் என்று கற்பனை செய்துகொள்கின்றனர் போலும்.

தோட்டத் தொழிலாளிக்குத் துண்டுமுறை பழங்கதையன்று. கங்காணியிடம் பட்ட கடன் எழுதிய துண்டுச்சீட்டு. அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டமே அவனை ஏற்கும். இல்லையேல் இருந்த லயத்திலேயே கிடக்க வேண்டியதுதான். 1921இல் அது சட்டப்படி ஒழிந்தது. சோவியத் ஒன்றியத்திலோ 1932இல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை புகுத்தப்பட்டபோது கூட்டுப்பண்ணை விவசாயிக்கு அச்சீட்டு பொதுவாக வழங்கப்படவில்லை. சீட்டின்றி அவன் நகரத்தில் குடியேற முடியாது. அவர்கள் யாவருக்கும் அதனை வழங்கும் முடிவு 1974இல்தான் வந்தது. வெள்ளைத்துரையின் ஆட்சியில் ஒழிந்த கட்டு, தொழிலாளர் அரசு எனப்பட்டதில் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தளர்ந்தபாடில்லை.

அரசுடைமை என்றால் தொழிலாளி உடைமை என்ற வாதத்தை மலையகம் நேரிற் சோதித்துப் பார்த்ததுண்டு. 1970இல் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சு கொல்வின் ஆர். டி சில்வாவின் கையில். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு உச்சவரம்பு விதித்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் பழைய கம்பனிகளின் இடத்தில் அமர்ந்தன. மாறாதவை பல. பெரட்டுக்களம் மாறவில்லை, லயம் மாறவில்லை, துரை பங்களாவும் மாறவில்லை. கண்டிப் பகுதியில் பொறுப்பேற்கப்பட்ட சில தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பத்தோடு விரட்டப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில், காணித்துண்டும் இல்லாமல் கூப்பன் அரிசியும் குறைந்த நிலையில், தோட்டப்புற இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பார்க்க மிக உயர்ந்தது. அந்த அரசாங்கம் ஒரு கட்சி அரசாங்கமன்று. ஆனால் அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆண்டது. புதிய யாப்பின் மூலம் தன் ஆயுளை ஈராண்டு நீட்டிக்கொண்டது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தையும் 1973இல் தன் கட்டுக்குள் கொணர்ந்தது. ஒரு கட்சி ஆட்சியின் சுவையை ஓரளவு காட்டியது எனலாம்.

ஓரளவு என்பதே இங்கு முக்கியம். பட்டினிச் சாவுகள் மறைக்கப்படாமற் போனதற்குக் காரணம் அரசுக்கு வெளியே சங்கங்கள் இருந்தமை, அரசுக்கு வெளியே பத்திரிகைகள் இருந்தமை. சீனத்தில் 1959 முதல் 1961 வரை கோடிக்கணக்கானோரைக் கொண்டுபோன பஞ்சம் சீன மக்களுக்கே முழுமையாகச் சொல்லப்படவில்லை. 1977 மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் ஏறக்குறைய 7,000 ஏக்கர் தோட்டக்காணியைப் பிரித்தெடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் பொலிஸார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். அவர் பெயர் இன்றும் சொல்லப்படுகிறது. 1962 ஜூனில் விலையேற்றத்தையும் கூலிக்குறைப்பையும் எதிர்த்து ஊர்வலம் சென்ற நொவோசெர்காஸ்க் தொழிலாளர் சுடப்பட்டபோது 26 பேர் மாண்டனர். பின்னர் எழுவர் மரணதண்டனைக்குள்ளாயினர். உடல்கள் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. ஏறக்குறைய முப்பதாண்டு காலம் அந்நகரத்தின் துயரத்தை ஒரு சோவியத் பத்திரிகையும் எழுதவில்லை.

சோஷலிச நாடுகள் எழுத்தறிவிலும் மருத்துவத்திலும் கண்ட முன்னேற்றம் மறுக்கற்பாலதன்று. 1977க்குப் பின் வந்த ஐக்கிய தேசியக் கட்சியின் ஆட்சி புனிதமானதுமன்று: 1980 வேலைநிறுத்தக்காரரைப் பல்லாயிரக்கணக்கில் வீதிக்கு அனுப்பியது, 1982இல் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தியது, 1983இன் தீயில் மலையக மக்களைக் காக்கவும் இல்லை. சங்கத் தலைவர் தொண்டமானும் அதன் அமைச்சரவையிலேயே இருந்தார். இருந்தும் 1984 ஏப்ரலில், தோட்டங்களின் உடைமையாளர் அரசே என்ற நிலையில், தோட்டச் சங்கங்கள் அவ்வரசுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தன. கூலி உயர்ந்தது, ஒரே மலையில் ஒரே வெயிலில் நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. நூற்றாண்டுக்கு மேலாக நின்ற வேற்றுமை அது. அமைச்சரவையில் அமர்ந்த தலைவரின் சங்கமே வேலைநிறுத்தம் செய்ய முடிந்தமைக்குக் காரணம், அச்சங்கம் அரசின் உறுப்பாக இல்லாமை. சந்தா செலுத்தும் தொழிலாளி வேறொரு சங்கத்திற்குப் போய்விடக்கூடும் என்ற அச்சம் தலைமைக்கு எப்போதும் இருந்தமை.

1960களில் மலையகத்திற் செங்கொடிச் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர்கள், நா. சண்முகதாசன் தலைமையில், பீக்கிங்கை நோக்கி நின்றனர். அவர்கள் போற்றிய சீனம் 1975ஆம் ஆண்டு யாப்பிலே வேலைநிறுத்த உரிமையை எழுதிவைத்தது. மாஓவே அதனை விரும்பிச் சேர்த்தார் என்று அறிவிக்கப்பட்டது. 1982இல் புதிய யாப்பு வந்தபோது அவ்வுரிமை நீக்கப்பட்டது. நீக்கியதை எதிர்த்து வாக்குக் கேட்க அந்நாட்டில் ஓர் எதிர்க்கட்சியும் இருக்கவில்லை.