யாருடைய பெயரில் அந்தப் பணம்?



யுத்த காலத்தைப் பற்றி எழுதுகின்றவர்கள் பெரும்பாலும் தளபதிகளைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியுமே எழுதுகிறார்கள். அந்நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைக்குப் பால் எங்கிருந்து வந்தது என்று எழுதுவோர் குறைவு. இத்தகைய கேள்விகளைப் பாராளுமன்றத்துக்குள் கொண்டுபோன ஒரு பிரித்தானியப் பெண்மணியை இம்மாதம் அறிந்துகொள்வோம். அவர் பெயர் எலினோர் ராத்போன் (1872 - 1946).

1914 இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியபோது, லிவர்பூல் நகரில் படைக்குச் சென்றவர்களின் குடும்பங்களுக்கு உதவும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். படையினரின் மனைவியருக்கு அப்போது அரசாங்கம் ஒரு கொடுப்பனவு வழங்கியது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அத்தொகை கூடியது. அது நேரே மனைவியின் கைக்கே சென்றது. கணவன் தருவதை எதிர்பார்த்திருந்த பெண்கள், தாமே கணக்குப் பார்த்துப் பிள்ளைகளுக்குச் செலவு செய்வதை ராத்போன் கண்டார். பிள்ளை வளர்ப்பு சமூகத்துக்குச் செய்யும் ஒரு வேலை, அதற்குரிய பணம் தாயின் கைக்குச் சேர வேண்டும் என்பது அவருடைய உறுதியான கருத்தாயிற்று. 1924 இல் இதனை ஒரு நூலாகவே எழுதினார். அவர் திருமணம் செய்துகொள்ளாதவர்.

1929 இல் எக்கட்சியையும் சாராத உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்றார். இரண்டாம் உலக யுத்த காலத்திலும் பிள்ளைகளுக்கான கொடுப்பனவை விடாது வலியுறுத்தினார். 1942 இல் வெளிவந்த பீவரிட்ஜ் அறிக்கையும் இதனை ஏற்றுக்கொண்டது. 1945 இல் சட்டமூலம் வந்தது. ஆனால் அதில், அந்தப் பணம் சட்டப்படி தந்தைக்கே உரியது என்று எழுதப்பட்டிருந்தது.

பணம் வந்தால் போதும், யார் பெயரில் வந்தால் என்ன என்று எண்ணத் தோன்றும். ராத்போன் அப்படி எண்ணவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தாம் பாடுபட்ட சட்டமேயானாலும், தாயின் பெயர் இல்லாவிட்டால் அதற்கு எதிராகவே வாக்களிப்பேன் என்று எச்சரித்தார். பெண்கள் அமைப்புகளும் குரல் கொடுத்தன. உறுப்பினர்கள் தம் விருப்பப்படி வாக்களிக்க அனுமதிக்கப்பட்டனர். பணம் தாய்க்கே என்று சட்டமூலம் திருத்தப்பட்டது.

இரண்டாவது பிள்ளையிலிருந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 சிலிங் வழங்கப்பட்டது. முதற் பிள்ளைக்கு எதுவும் இல்லை. பீவரிட்ஜ் கேட்ட 8 சிலிங்கிலும் அது குறைவு. 1946 ஆகஸ்டில் தாய்மார் முதற் கொடுப்பனவைப் பெற்றபோது ராத்போன் உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே அவர் காலமாகிவிட்டார்.

சகோதரிகளே, உதவிப் பணமோ, வீட்டுத் திட்டமோ, காணி உறுதியோ, எந்தப் படிவத்திலும் கையொப்பம் இடுவதற்கு முன் அது யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வாசிப்பது கடினமாயின் உரக்க வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.