அறுந்தா மாத்திக்கலாமா?

"அறுந்தா மாத்திக்கலாம் அண்ணே." எங்க ஊர்ப்பக்கம் பழைய வண்டி வச்சிருக்கிற பாதிப்பேர் டைமிங் பெல்ட் பத்திச் சொல்றது இதான். ஃபேன் பெல்ட்டுக்கு இந்தப் பேச்சு சரி. டைமிங் பெல்ட்டுக்கு இது கடைஞ்செடுத்த முட்டாள்தனம்.

டவுன்ல இருக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். பழைய கார் ஒண்ணு வாங்கி, ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டி, "முப்பதாயிரம்கூட ஓடலை"ன்னு பெருமை பேசுறது நீங்கதானே?

கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து சுத்தணும். அந்தக் கணக்கைக் காப்பாத்துறது பல்லு வச்ச ஒரு ரப்பர் பட்டை. டீசல் இன்ஜின்ல பிஸ்டன் மேல ஏறி வர்றப்ப ஹெட்டுக்கும் அதுக்கும் நடுவுல மயிரிழைதான் இடம். பட்டை அறுந்தா கேம் நின்னுடும், பிஸ்டன் நிக்காது. திறந்து கிடக்கிற வால்வுல போய் மோதும். அப்புறம் ஹெட்டைக் கழட்டணும். பெல்ட் மாத்துற கூலியைப் போல பல மடங்கு செலவு. சில பெட்ரோல் இன்ஜின் மோதாம தப்பிக்கும். உங்களுது எந்த வகைன்னு தெரியாம அந்த நம்பிக்கையில ஓட்டாதீங்க.

நான் வச்சிருக்கிற குட்டி யானை 2009 மாடல். அந்த ரெண்டு சிலிண்டர் டீசல்ல இருக்கிறதும் பெல்ட்தான். டிராக்டர்ல டைமிங்குக்குப் பல்சக்கரம், யாரும் அதைத் தொடுறதில்லை. டிராக்டரையே பார்த்துப் பழகின சனத்துக்கு இது உறைக்க மாட்டேங்குது.

கம்மியா ஓடினா பெல்ட் தேயாதாம்! ரப்பருக்கு வருசமும் கணக்குங்க. களத்துமேட்டுல சும்மா நிக்கிற டிரெய்லர் டயரைப் போய்ப் பாருங்க, ஓடாமலே வெடிச்சுக் கிடக்கும். மருந்தடிக்கிற ஹோஸும் அப்படித்தான். அதனாலதான் வண்டிப் புத்தகத்துல இத்தனை கிலோமீட்டர், இல்லேன்னா இத்தனை வருசம், எது முந்துதோ அதுன்னு போட்டிருக்கும். பழைய வண்டியில மீட்டர் ஒழுங்கா ஓடுச்சான்னே சந்தேகம், வருசத்தைத்தான் நம்பணும்.

இன்னொரு கூட்டம், "மூடியைக் கழட்டிப் பார்த்தேன், புதுசு மாதிரி இருக்கு"ங்கும். பார்த்தது பெல்ட்டோட முதுகை. பல்லோட அடியில விடுற வெடிப்பும், உள்ள இருக்கிற நூல் நைஞ்சதும் மேல தெரியாது. சீல் கசிஞ்சு ஆயில் பட்டிருந்தா தேதியெல்லாம் பார்க்கக்கூடாது, உடனே மாத்தணும்.

மெக்கானிக் காசு புடுங்குறான்னு சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. அதுக்காக வேலையையே தள்ளிப்போடுறதா? கழட்டின பழைய பெல்ட்டைக் கையில கேட்டு வாங்குங்க. டென்ஷனரையும் சேர்த்து மாத்துங்க. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டுல சுத்துற வண்டின்னா அதையும் பார்த்துடுங்க, ரெண்டு தடவை கூலி கொடுக்க வேண்டாம்.

எங்க பக்கம் ராத்திரி தக்காளி ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கிளம்புற வண்டியில நாலு குடும்பத்தோட பெட்டி இருக்கும். நடுவழியில பெல்ட் அறுந்தா வேற வண்டி பிடிச்சு மாத்தி ஏத்துறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிரும். ஓனர் மிச்சம் பிடிச்ச காசுக்கு அந்த நாலு பேர் ஏன் அழணும்?

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி, பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில் இல்லேன்னா, மாத்தவே இல்லைன்னு வச்சுக்கிட்டு முதல்ல அதை மாத்துங்க. பில் காட்டினா அதுல டைமிங் பெல்ட்னு எழுதியிருக்கான்னு படிச்சுப் பாருங்க. ஃபேன் பெல்ட் பில்லை நீட்டுற புரோக்கர்கள் நிறைய.