பழைய சீட்டில் வாங்கும் பொட்டாசியம்

வயிற்றுப்போக்கு நின்று நாளாகியிருக்கும். அதற்காக எழுதித் தந்த பொட்டாசியம் சிரப் மட்டும் நிற்காது. பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் அடுத்த பாட்டிலும் கிடைத்துவிடுகிறது. இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தானது.

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இந்தக் குறுகிய எல்லையைக் காப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான். அது பழுதானவருக்கு உபரிப் பொட்டாசியம் உள்ளேயே தங்கி இதயத்துடிப்பைக் குலைக்கும், நிறுத்தவும் செய்யும். பல வேளைகளில் முன்னறிகுறியே இராது. இரத்தக் கொதிப்புக்குத் தரும் ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், இதய நோய்க்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவையும் பொட்டாசியத்தை உடலில் தேக்குபவை. சோடியம் குறைந்த உப்புப் பொட்டலத்திலும் பொட்டாசியம் குளோரைடு உண்டு. 2025 ஜனவரியில் அந்த உப்புக்கு ஆதரவாகப் பேசிய உலக சுகாதார நிறுவனமே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கியது.

குடிக்கும் முறையும் முக்கியம். சிரப்பைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகக் குடிக்க வேண்டும். மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல், ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது. 1960-களில் மேலுறை பூசிய பொட்டாசியம் மாத்திரைகள் ஒரே இடத்தில் கரைந்து பலருக்குச் சிறுகுடலில் புண் உண்டாக்கின.

எத்தனை நாள், அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்ற இரண்டையும் மருத்துவர் சீட்டிலேயே எழுத வேண்டும். நாள் கடந்த சீட்டுக்கு மருந்துக்கடைக்காரர் பாட்டிலை எடுத்துத் தரவே கூடாது.