கிராவல் என்றால் எங்கள் பக்கத்தில் லாரி

சனிக்கிழமை ராத்திரி வாட்ஸப் குழுவில் அழைப்பு வரும். 'நாளை கிராவல் ரைடு. நோ டிராஃபிக். மலை, கிராமம், ஆளே இல்லாத ரோடு.' விடிகாலை நாலரைக்கு அஸ்தினாபுரத்தில் எழுந்து, சைக்கிளைக் காரின் பின்னால் ரேக்கில் மாட்டி, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டிப் போய், ஏதோ ஒரு குன்றின் அடியில் இறக்குவோம். இருபது கிலோமீட்டர் மிதிப்போம். அம்பது படம் எடுப்போம். பொங்கல், வடை. அதே காரில் வீடு. வண்டியில்லாத சாலையைத் தேடி நாலு கார் போகிற இந்தக் கூத்தில் நானும் ஏழெட்டு தடவை கலந்துகொண்டவன். ஆகவே இங்கே விழுகிற அடியில் முதல் அடி எனக்குத்தான்.

அப்படிப் போன ஒரு ஞாயிறு. செம்மண்ணும் சரளையுமாக ஒரு பாதை, இரண்டு பக்கமும் கரடு, வேலிகாத்தான் புதர். நண்பர் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரைக் கொஞ்சம் ஓரமாகப் போகச் சொன்னோம், படத்தில் ஆள் வரக்கூடாது என்று. அவர் கோபப்படவில்லை. சைக்கிளைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார். "இந்த ரோட்டுல என்னா தம்பி இருக்குது?" என்றார்.

"வண்டியே வரலையே, அதாங்க."

"பகல்ல வராது. ராத்திரி வந்து பாருங்க. லாரி லாரியா மண்ணு போவும்."

அவ்வளவுதான் சொன்னார். ஆடுகளோடு போய்விட்டார். நாங்கள் 'யாரும் தொடாத பாதை' என்று தலைப்பு யோசித்துக்கொண்டிருந்த அந்தப் பாதையே டிப்பர் லாரி போட்ட பாதை. அந்த அழகான வளைவு, குன்றைச் சுற்றிப் போகிற அந்த வளைவு, குன்றைத் தின்பதற்காகப் போட்டது.

கிராவல் என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். நம் குழுக்களில் அது ஒரு சைக்கிள் வகை: வளைந்த ஹேண்டில்பார், அகலமான டயர், விலை ஒரு லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். தமிழ் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அதே சொல் கிராவல் மண். அனுமதியில்லாமல் அள்ளினார்கள், லாரி பறிமுதல், இருவர் கைது. இரண்டு கிராவலும் ஒரே மலையடிவாரத்தில் இருக்கின்றன. ஒன்றுக்கு ஷிஃப்ட் ஞாயிறு காலை, இன்னொன்றுக்கு ராத்திரி. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை, அதனால் நமக்கு நிம்மதி.

சரி, மலைக்கு ஏன் அவ்வளவு தூரம் போகிறோம்? பல்லாவரம், திரிசூலம், பச்சைமலை, திருநீர்மலை, நன்மங்கலம் என்று நம்மைச் சுற்றிக் குன்றுகளாகத்தானே இருக்கின்றன? இருக்கின்றன, மிச்சம் இருக்கின்றன. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். உலகத்துப் புவியியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கிற கல். அதை உடைத்து ஜல்லியாக்கி நம் சாலையிலும் தளத்திலும் கொட்டினோம். இன்னொன்று: 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில்தான் அந்தக் கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் குழியிலிருந்து தொடங்குகிறது. அதாவது அந்த நாளிலேயே நம் பக்கத்தில் கிராவல் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டித் தோண்டி இந்தப் பக்கத்தில் மலைக்குப் பதில் குவாரிப் பள்ளங்கள். பிறகு, 'இங்கே நேச்சரே இல்லப்பா' என்று அடுத்த தாலுகாவுக்குக் கார் ஏறுகிறோம்.

என் சண்டை கிராவல் சைக்கிளோடு கிடையாது. அது நல்ல வண்டி. ஆனால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பால்காரர் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட 40. இன்று கிராவல் டயர் என்று விற்கிறார்களே, அதில் பரவலான ஓர் அளவும் 40. இரண்டு கேன் பாலோடு வரப்பிலும் ஏரிக்கரையிலும் போன வண்டி அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களில் வயல்வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், கல்குவாரியில் வேலை செய்கிற பெண்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டின் முதல் கிராவல் ரைடர்கள் யார் என்று யாராவது கேட்டால் நான் அவர்களைத்தான் சொல்வேன். அந்தப் பெண்கள் யாரும் ஆளில்லாத சாலையைத் தேடவில்லை. ஆட்கள் இருக்கிற இடத்துக்கு யார் தயவும் இல்லாமல் போய்ச் சேரத்தான் மிதித்தார்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்த 'ஆளே இல்லாத' என்ற சொல்லில்தான். வண்டி இல்லாத சாலை வேறு, ஆள் இல்லாத சாலை வேறு. முதலாவதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இரண்டாவதைக் கேட்கிறவன் அந்தப் பெரியவரைப் படத்திலிருந்து நகரச் சொல்கிறவன்.

'அப்ப கிராமத்துக்கெல்லாம் தார் ரோடு போட்டுட்டா கிராவல் எங்கே?' என்று நண்பர் ஒருவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். என் ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு ஊர் சேற்றில் நடக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 108 வண்டி வாசல் வரைக்கும் வரவேண்டும். வீட்டுக்குப் போகிற சாலைக்குத் தார் போடட்டும். ஆனால் எந்த வீட்டுக்கும் போகாத பாதைகள் இருக்கின்றன: ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கைவிட்ட குவாரிப் பாதை. அவற்றை மண்ணாகவே விடச் சொல்லிக் கேட்க முடியும். இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் வெள்ளைச் சரளைச் சாலைகளுக்குத் தார் போட்டுக்கொண்டே வந்தபோது, 1997இல் ஜான்கார்லோ புரோச்சி என்பவர் பழைய சைக்கிள்களோடு 92 பேரைச் சேர்த்து 'லெரோய்க்கா' என்று ஒரு ஓட்டம் நடத்தினார். அந்தச் சாலைகளைக் காப்பாற்றுவது அதன் நோக்கங்களில் ஒன்று. இன்று 'ஸ்ட்ராடே பியாங்கே' என்ற பெரிய தொழில்முறைப் பந்தயமே அவற்றின் மேல் நடக்கிறது. அவை திராட்சைத் தோட்டத்துக்காரர்களின் அன்றாடச் சாலைகள். யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை.

நமக்கு என்ன இருக்கிறது? ஏரிகள். சிட்லபாக்கத்தில் மிஞ்சிய தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். தண்ணீர் போகிற இந்த வழியைக் கரையோடு கரையாகத் தொடர்ந்தால், மெயின் ரோட்டை அங்கங்கே குறுக்கே கடப்பது தவிர, வண்டியில்லாத ஒரு சைக்கிள் பாதை அதுவே. வாய்க்கால் பல இடங்களில் வீட்டுக்கும் குப்பைக்கும் அடியில் போய்விட்டது, தெரியும். ஆனால் அதை மீட்க வேண்டும் என்று வெள்ளம் வரும்போதெல்லாம் கத்துகிறோமே, மீட்ட பிறகு அதன் ஓரத்தில் ஆறடி மண்பாதை விடுங்கள் என்று சேர்த்துக் கேட்டால் என்ன குறைந்துவிடும்? தள்ளிப் போனால் சித்தாலப்பாக்கம், அரசன்கழனி, ஒட்டியம்பாக்கம். ஏரியும் குன்றும் பழைய குவாரியும் அடுத்தடுத்து. (நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் சைக்கிள் விடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தக் குவாரிச் சுவரில் கொம்பன் ஆந்தை இருக்கிறது, அது நிம்மதியாக இருக்கட்டும்.)

ஆனால் ஏரியைப் 'புனரமைப்பு' செய்கிறோம் என்றால் நமக்குத் தெரிந்தது பேவர் பிளாக், கம்பி வேலி, பூட்டு போட்ட கேட். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் வாசலிலேயே போர்டு: சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அங்கே ஒரு சாயங்காலம் அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிதிவண்டியோடு இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகள் வந்து நின்றார்கள். கரை வழியாகப் போனால் அவர்கள் வீட்டுக்கு ஐந்து நிமிஷம். காவல்காரர் தாத்தா, "சுத்திப் போங்கம்மா" என்றார். பாவம், அவர் மேல் தப்பில்லை, போர்டு அப்படி. சுற்றிப் போவதென்றால் மெயின் ரோடு. தண்ணீர் லாரி, ஷேர் ஆட்டோ, காலேஜ் பஸ், நடுவில் அந்த இரண்டு சைக்கிள். சைக்கிளைக் கொடுத்த அதே அரசாங்கம்தான் கரையைப் பூட்டியும் வைத்திருக்கிறது. எனக்குக் கிராவல் கிடைக்காவிட்டால் ஒரு ஞாயிறு போகும். அந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு வேளை இந்த ரோடு.

நம் குழுக்களில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள், டாக்டர்கள் இருக்கிறார்கள், இங்கிலீஷில் மெயில் எழுதத் தெரிந்தவர்கள் நிறைய. தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு மனு, நீர்வளத் துறைக்கு ஒரு மனு, போட இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ரேக் எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் மூன்று நாள் விவாதித்தோம்.

அடுத்த சனிக்கிழமை அழைப்பு வந்தால் போடுவதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறேன். கார் வேண்டாம். காலை ஆறு மணி, சிட்லபாக்கம் ஏரிக்கரை. பள்ளிக்கரணை வரைக்கும் தண்ணீர் வழியிலேயே போய்ப் பார்ப்போம். பாதி தூரம் உருட்டிக்கொண்டுதான் போகவேண்டியிருக்கும். எங்கெங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கெல்லாம் நின்று படம் எடுங்கள், ஆளோடு சேர்த்தே எடுங்கள். மனுவோடு இணைக்க வேணும்.